மறைப்பதும் காப்பதும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, அசர் தொழுகை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், இளைஞர் ஒருவர் நம்மைப் பள்ளிவாசல் தூணோரம் அழைத்துச் சென்றார். பிறந்து ஐந்து நாளான தம் குழந்தை ஆணா பெண்ணா என்று உடலைப் பார்த்துத் துணிய முடியவில்லை என்றார். "ஹஜ்ரத், என்ன பெயர் வைப்பது? அகீகாவுக்கு ஆடு ஒன்றா, இரண்டா?" என்று தாழ்ந்த குரலில் வினவினார். கிதாபுகளில் ஓதியதை அரைமணி நேரம் எடுத்துரைத்தோம். பிள்ளை பால் குடிக்கிறதா என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை.

மறுவாரம் பிள்ளை வாந்தியெடுத்துத் துவண்டது. மருத்துவமனைக்குப் போனால் செய்தி வெளிவருமே என்று வீட்டார் இரண்டு நாள் தயங்கினர். பொறுக்கமாட்டாத பாட்டியார்தாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியின் பிறவிக் குறையே காரணம் என்று மருத்துவர் கண்டனர். கருப்பையும் சூலகமும் உடைய பெண் மகவின் புறவுறுப்பையும் இக்குறை ஆண் சாயலாக்கும். சிலருக்கு உடலின் உப்பு வெளியேறி, முதல் சில வாரங்களிலேயே உயிர் போகும். மருந்தோ எளியது, வாழ்நாள் முழுதும் உட்கொள்ளவேண்டிய மாத்திரை. தாய், தந்தை இருவர் வழியாகவும் வரும் குறை இது. எனினும் மாமியார் பழித்தது மருமகளை மட்டுமே!

மார்க்க அறிஞர்கள் இதனைப் பேச நாணியதில்லை. 'குன்ஸா' என்று பெயரிட்டு, தொழுகை அணியில் இடமும் வாரிசுரிமையில் பங்கும் வகுத்தனர். நிலை தெளியாதவரை 'முஷ்கில்' என்றனர். சிக்கல் நம் அறிவில் உள்ளதேயன்றிப் படைப்பில் அன்று. ஷாஃபிஈ மத்ஹபில், உறுதியான பங்கை உடனே கொடுத்து, ஐயமுள்ள பகுதியை மட்டும் தெளிவு வரும்வரை நிறுத்திவைப்பர். அறியாமைக் காலத்து நடுவர் ஆமிர் இப்னு ளரிப் இத்தகைய ஒருவரின் வழக்கில் தீர்ப்புக் காணாது உறக்கமின்றிப் புரண்டதையும், அவருடைய பணிப்பெண் வழிகாட்டியதையும் இப்னு ஹிஷாம் பதிவு செய்துள்ளார்.

அவ்வளவு பொறுமை நம்மிடம் உண்டா? அந்த இளைஞரின் உறவினர், "ஊர் அறியுமுன் அறுத்துச் சரிசெய்துவிடுங்கள்" என்று நெருக்கினராம். 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வழங்கிய தீர்ப்பையொட்டி, உயிருக்கு ஆபத்து நேர்ந்தாலன்றிச் சிசுக்களுக்கு இத்தகைய அறுவை செய்யலாகாது என்று தமிழக அரசு அவ்வாண்டே தடை விதித்தது. தன் உடலைப் பற்றிய முடிவில் அப்பிள்ளைக்கும் சொல் உண்டு என்பதை நாம் ஏற்கிறோம்.

"குறையை மூடி மறைப்பது மார்க்கம் ஏவிய பண்பன்றோ?" என்று சிலர் கேட்பர். ஆம், அண்டை அயலார் நாவினின்று பிள்ளையைக் காப்பது கடமையே. ஆயின் மருத்துவரிடம் மறைப்பது அப்பண்பில் சேராது. தேவை கருதி அவர் பார்க்க ஷரீஅத் இடமளித்துள்ளது. வளர்ந்த பிள்ளையிடமே மறைப்பதும் சேராது. கருப்பையின்றிப் பிறந்த மகளுக்கு, திருமணம் பேசி முடித்த பின்னர் உண்மை தெரியவருமாயின், அவள் யாரை நம்புவாள்? பருவத்துக்கேற்பச் சிறிது சிறிதாகத் தாயே சொல்லலாம்.

மருத்துவமனையினின்று திரும்பிய இளைஞர் மீண்டும் நம்மிடம் வந்தார். பிள்ளை பால் குடிக்கிறதா என்று முதலில் கேட்டோம். பெயரைப் பற்றிய பேச்சு அதன் பின்னரே.