இரக்கம் போதுமா?

நியூயார்க்கின் பிராங்ஸில் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் மருத்துவமனையில் தனியார் காப்பீடு உள்ளவருக்கு மூத்த மருத்துவர்; ஏழைகளுக்கான மெடிக்கெய்டு அட்டையை நீட்டுபவருக்குப் பயிற்சி மருத்துவர். கால் புண்ணோடு வரும் கறுப்பினப் பாட்டி, ஒவ்வொரு முறையும் புதிய முகத்திடம் தன் சர்க்கரை நோயின் கதையை முதலிலிருந்து சொல்கிறார்.

அவரிடம் அன்பாகப் பேசினால் என் அறம் நிறைவேறிவிடுமா? நிறைவேறாது. இரக்கம் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. நீதி பெறுபவரின் உரிமை. 1970 ஜூலை 14 அன்று யங் லார்ட்ஸ் என்ற போர்ட்டோ ரிக்கோ வம்சாவளி உரிமை இயக்கத்தின் இளைஞர்கள் பிராங்ஸில் பாழடைந்து கிடந்த லிங்கன் மருத்துவமனைக்குள் புகுந்து கேட்டது அந்த உரிமையைத்தான். 1976இல் அந்த மருத்துவமனைக்குப் புதிய கட்டடம் வந்தது. பின்னாளில் பிராங்ஸ் ஹெல்த் ரீச் கூட்டமைப்பில் தேவாலயங்களும் சேர்ந்து சமமான மருத்துவம் கேட்டன.

எல்லா உயிரிலும் இறைவன் இருக்கிறான் என்று நம்புகிறவர்கள், அட்டையைப் பார்த்து ஆளைப் பிரிக்கும் ஏற்பாட்டை எதிர்த்துத் திரளத்தான் வேண்டும்.