விற்றோர் குற்றமும் கொண்டோர் குற்றமும்

தீங்கு பயக்கும் ஒரு பொருளை ஒருவர் தாமே விரும்பி விலைகொடுத்து வாங்கிப் பல்லாண்டு நுகர்ந்து, அதனால் நோயுற்று மாய்வாராயின், அக்கேட்டிற்குப் பொறுப்பாளர் யாவர்? நுகர்ந்தவரோ, விற்றவரோ? இவ்வினாவிற்கு விடை எளிதென்றே பலருங் கருதுவர். தன் கையாற் தேடிக்கொண்ட கேட்டிற்குப் பிறரை நோவது எற்றுக்கு என்பது அவர் கூற்று. இக்கூற்று உலகியலறிவிற் பிறந்ததேயாம், ஆயினும் முழுமையுடையதன்று. இதனை ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு வழக்கினைக் கொண்டு ஆராய்வாம். மாணவர் செயல்களை நாடோறும் நன்றென்றுந் தீதென்றும் வகுத்துரைக்கும் உபாத்தியாயர்கள் இதனை நுணுகி நோக்குதல் பயனுடைத்து.

நியூ ஜெர்சி மாகாணத்துப் பெண்மணி ஒருவர் 1942ஆம் ஆண்டளவில், தமது 16ஆம் வயதிற் சிகரெட்டுப் புகைக்கத் தொடங்கினார். அவர் முதலிற் கொண்டது லிக்கெற் கொம்பனியாரின் செஸ்ற்றர்பீல்ட் என்பது. 1955இல் அக்கொம்பனியாரே விற்ற வடிகட்டியுடைய சிகரெட்டுக்கு மாறினார். பின்னர் வேறு கொம்பனிகளின் சிகரெட்டுக்களையும் புகைத்தார். 1981இல் அவருக்குச் சுவாசப்பையிற் புற்றுநோய் உண்டென வைத்தியர்கள் கண்டனர். புகைத்தலை விடுமாறு அவர்கள் கூறியும் அவரால் விட முடிந்திலது. 1982இற் சுவாசப்பை அறுத்தெடுக்கப்பட்ட பின்னரும் மறைவிற் புகைத்தார். 1983இற் கணவருடன் சேர்ந்து மூன்று கொம்பனிகள்மீது வழக்குத் தொடுத்தார். அடுத்த ஆண்டு இறந்தார். கணவர் வழக்கினைத் தொடர்ந்து நடத்தினார். சிப்பொலோனி வழக்கென நியாயநூலோர் வழங்குவது இதுவே.

வாதியின் முறைப்பாடுகள் பலவாயினும் அவற்றுள் முதன்மையானவை மூன்று. தீங்கினை அறிந்தும் கொம்பனியார் எச்சரித்திலர் என்பது ஒன்று. விளம்பர வாயிலாகத் தீங்கில்லை என உறுதிகூறி அவ்வுறுதியிற் பிறழ்ந்தனர் என்பது இரண்டாவது. உண்மையை மறைத்து வஞ்சித்தனர் என்பது மூன்றாவது. தங்கள் சிகரெட்டினால் மூக்குக்குந் தொண்டைக்குங் கேடில்லை என்றும், வடிகட்டியுடைய சிகரெட்டு வைத்தியர் விதித்த மருந்தினையொத்தது என்றும் பொருள்பட அக்கொம்பனியார் செய்த விளம்பரங்கள் நியாயஸ்தலத்திற் காட்டப்பட்டன.

1988ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யூரிமார் தீர்ப்புக் கூறினர். வஞ்சகம் நிரூபிக்கப்படவில்லை என்றனர். 1966இற்கு முன் எச்சரியாமை லிக்கெற் கொம்பனியாரின் தவறே என்றனர்; ஆயினும் அறிந்தே அபாயத்தை ஏற்றமையால் அப்பெண்மணியின் பங்கு நூற்றுக்கு 80, கொம்பனியாரின் பங்கு நூற்றுக்கு 20 என வகுத்தனர். பாதிக்கு மேற்பட்ட குற்றம் வாதியினதாயின் நட்டஈடு இல்லை என்பது அம்மாகாணச் சட்டம். ஆதலின் எச்சரியாமைக்கு ஈடு ஒன்றுங் கிடைத்திலது. உறுதிமொழி பிறழ்ந்தமைக்காக மாத்திரம் கணவருக்கு 4,00,000 டொலர் விதிக்கப்பட்டது. சிகரெட்டுக் கொம்பனியொன்று நட்டஈடு கொடுத்தல் வேண்டுமென யூரிமார் விதித்தமை அதுவே முதன்முறையாம். அத்தீர்ப்பும் 1990இல் மேல்நியாயஸ்தலத்தில் நீக்கப்பட்டது. 1992இல் உயர் நியாயஸ்தலம் வழக்கின் சில பகுதிகளை மீண்டும் விசாரிக்க இடந்தந்தது. எனினும் செலவு தாங்கமாட்டாமையால் அவ்வாண்டிலேயே வழக்குக் கைவிடப்பட்டது. ஒரு சதமேனுங் கொடுக்கப்படவில்லை.

இனி, எண்பதும் இருபதும் என்ற பங்கீட்டின் அறத்தை ஆராய்வாம். ஒருவர் தம் இச்சையாற் செய்தார் என்று கூறுதற்கு இரண்டு வேண்டும். செய்வது இன்னதென்னும் அறிவு ஒன்று. செய்யாது விடுதற்குரிய ஆற்றல் மற்றொன்று. இவ்விரண்டனுள் ஒன்று குறையினும் இச்சை அவ்வளவிற் குறையும்.

முதலாவதாகிய அறிவை நோக்குவாம். புகைத்தலுக்குஞ் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பினை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆராய்ச்சியாளர் 1950இலேயே வெளியிட்டனர். 1954ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்கச் சிகரெட்டுக் கொம்பனிகள் பல ஒன்றுகூடி, நானூற்றுக்கு மேற்பட்ட பத்திரிகைகளில் ஓர் அறிக்கை வெளியிட்டன. தீங்கு நிரூபிக்கப்படவில்லை என்றும், மக்களின் சுகநலமே தமக்குத் தலையாய கடன் என்றும் அஃது உரைத்தது. லிக்கெற் கொம்பனியாரோ சிகரெட்டுத் தாரினை எலிகளின் தோலிற் பூசிச் சோதனை செய்வித்து, கட்டிகள் தோன்றுதலைத் தாமே அறிந்திருந்தனர். தீங்குண்டு என்பாரும் இல்லை என்பாரும் வழக்காடும்போது, புகைத்தற்கு விழைந்த நெஞ்சம் எதனை நம்பும்? உண்மையிலேயே கொல்லும் பொருளைக் கொம்பனியார் விற்கமாட்டார் என்று தாம் எண்ணியிருந்ததாக அப்பெண்மணி மரணத்திற்கு முன் சாட்சியம் அளித்தார். இவ்வெண்ணம் பேதைமையாகலாம், ஆயினும் அப்பேதைமை தானே முளைத்ததன்று, விதைத்து நீர்பாய்ச்சி வளர்க்கப்பட்டது.

இவ்விடத்து ஒரு முரண்பாடு நோக்கத்தக்கது. சனங்களை நோக்கிப் பேசும்போது கொம்பனியார், தீங்கு உண்டென்பது துணியப்படவில்லை என்றனர். யூரிமாரை நோக்கிப் பேசும்போது, தீங்கினை யாவரும் அறிவர், அப்பெண்மணியும் அறிந்தே ஏற்றார் என்றனர். தாம் துணியாத ஒன்றைக் கொண்டவர் துணிந்திருத்தல் வேண்டும் என்பது எவ்வாறு பொருந்தும்? ஒருவன் விளக்கை அவித்துவிட்டு, இருளில் இடறி வீழ்ந்தவனைக் கண்ணில்லையோ என வினவுதலை இஃது ஒக்கும்.

இரண்டாவது ஆற்றல். நிக்கொற்றீன் என்னும் பொருள் மூளையைப் பற்றித் தன்னையே மீண்டும் வேண்டுவிக்கும் இயல்பினது. அது ஹெரோயினும் கொக்கேயினும் போல அடிமைப்படுத்துவது என 1988இல் அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை வைத்திய அதிகாரி அறிக்கை வெளியிட்டார். சுவாசப்பையை இழந்த ஒருவர், ஒளித்தும் புகைத்தார் எனின், அதனை விருப்பம் என்று சொல்லுதல் சொல்லுக்குப் பொருள் தெரியாமையேயாம். இனி, அவ்வடிமைத்தனத்திற்கு அடியிட்ட முதற்செயல் 16ஆம் வயதில் நிகழ்ந்தது என்பதும் மறக்கற்பாலதன்று. எமது நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதிற்குட்பட்டோருக்குப் புகையிலைப் பொருள்களை விற்றலைத் தடுத்திருப்பதும் இதுபற்றியே.

அற்றேல், அப்பெண்மணியிடம் குற்றமேயில்லை என்பது எமது கருத்தோ எனின், அன்று. கணவர் விடும்படி பலகாலும் வேண்டினார். 1966 முதற் பெட்டிகளிலே எச்சரிக்கை பொறிக்கப்பட்டிருந்தது. அதே காலத்திற் பல்லாயிரவர் புகைத்தலை விட்டனர். விடுதல் அரிதேயன்றி இயலாததன்று. அவரிடம் பொறுப்பே இல்லை என்பது அவரைச் செயலற்ற பொருளாக்கி இழிவுபடுத்துதலாம். எமது கருத்து வேறொன்று. குற்றம் என்பது ஒரு குடத்து நீரன்று. ஒருவர் எண்பது படி கொண்டால் மற்றவர்க்கு இருபதே மிஞ்சும் என்பதில்லை. தம்மைக் காவாமை அவர் குற்றம்; அதனை அவர் முழுமையாய் உடையர். பிறர் கேட்டினை அறிந்தும் பொருள் விரும்பி மறைத்தமை கொம்பனியார் குற்றம். அதனை அவரும் முழுமையாய் உடையர். ஒன்று மற்றொன்றைத் தேய்ப்பதன்று. நட்டஈட்டினைப் பங்கிடுதற்குச் சட்டத்திற்கு எண்கள் வேண்டும். அவ்வெண்களை அறத்தின் அளவுகோலாகக் கொள்ளுதலே பிழை. அன்றியும், தம்மையே கெடுப்பாரினும் இலாபத்தின்பொருட்டுப் பிறரைக் கெடுப்பார் கொடியரென்பதற்கு நியாயஸ்தலம் வேண்டுவதில்லை.

எச்சரிக்கைச் சீட்டினைப் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். மக்களைக் காத்தற்கு ஏற்பட்ட அச்சீட்டு, விற்போர்க்கே கவசமாயிற்று. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் விளம்பரத்தில் எச்சரிக்கை போதாது என்று மாகாணச் சட்டத்தின்கீழ் வழக்கிடல் இயலாது என 1992இல் உயர் நியாயஸ்தலம் கூறியது. உறுதிமொழி பிறழ்தலும் வஞ்சகமும் பற்றிய வழக்குகளுக்கு வழியைத் திறந்தே வைத்தது. சட்டம் விதித்த சொல்லைச் சொல்லிவிட்டோம் என்பது சட்டக் கடன் தீர்ந்தமையைக் காட்டுமேயன்றி, அறக்கடன் தீர்ந்தமையைக் காட்டாது.

உண்மை பின்னர் வெளிப்பட்டது. சிகரெட்டுப் புற்றுநோயை விளைக்கும், அடிமைப்படுத்தும் என 1997இல் முதன்முதல் ஒப்புக்கொண்டது மேற்கூறிய லிக்கெற் கொம்பனியே. 1998இற் பெரிய கொம்பனிகள் 46 மாகாணங்களுக்கு 25 ஆண்டுகளில் இருபதினாயிரங் கோடி டொலருக்கு மேற்கொடுக்க இசைந்தன. 2006இல் வாசிங்டன் நகர நீதிபதி ஒருவர், கொம்பனிகள் பல்லாண்டாக மக்களை வஞ்சித்தன எனத் தீர்ப்பளித்தார். 1988இல் யூரிமார் காணாத வஞ்சகத்தைப் பிறர் கண்டனர். அப்பெண்மணியோ அப்பொழுது உயிருடன் இலர்.

இவ்வாராய்ச்சியால் உபாத்தியாயர்கட்குப் பெறப்படுவன இரண்டு. புகைக்கும் மாணவனைக் கண்டவழி அவன் பொறுப்பினை அவனுக்கு உணர்த்துதல் தகும். அத்தோடு நிற்பின் பாதியே கூறினோமாவோம். அவனுக்கு அதனை விற்றவர் யாவர், விரும்பச் செய்தவர் யாவர், அவர் எதனைச் சொல்லாது விட்டனர் என வினவுதற்கும் அவனைப் பழக்குதல் வேண்டும். அங்ஙனம் வினவக் கற்றவன், நாளை தான் கடையில் விற்பவனாயினும், எழுதுபவனாயினும், ஆளுபவனாயினும், தான் அறிந்ததனைத் தன் ஊதியத்தின்பொருட்டுப் பிறர்க்கு மறையான். மறைப்பார் இல்லாதவிடத்தே மக்களின் இச்சை உண்மையில் இச்சையாகும். பொறுப்பும் உண்மையில் அவரதாகும்.