குடிமதிப்பும் குடிகளின் மதிப்பும்

எண்ணுதல் என்னும் தமிழ்ச் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. தொகை காண்பதும் எண்ணுதலே; நினைந்து பார்ப்பதும் எண்ணுதலே. மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம் முன்னோர் குடிமதிப்பு என்று வழங்கினர். அச்சொல்லில் உள்ள மதிப்பும் அளவையும் குறிக்கும், சிறப்பையும் குறிக்கும். அவ்வாறாயின், ஒருவரைக் கணக்கில் சேர்ப்பதும் அவரை மதிப்பதும் ஒன்றுதானா? கணக்கில் வாராதவர் மதிப்பிலும் வாராரோ? பிறந்த ஊரை விட்டு மும்பை போன்ற மாநகரங்களில் வேரூன்ற முயலும் நம்மனோர்க்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. குடியிருக்கும் வீடே அதன் விடையைப் பொறுத்து அமையக்கூடும்.

இந்தியாவில் முதற் கணக்கெடுப்பு 1872 ஆம் ஆண்டை ஒட்டி நடைபெற்றது. 1881 முதல் 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாது நடந்து வந்தது. வீட்டின் சுவர் யாது, கூரை யாது, அறைகள் எத்தனை, குடிநீர் எங்கிருந்து வருகிறது, தாய்மொழி எது, பிறந்த இடம் எது என்றெல்லாம் அது வினவுகிறது. வருவாயை அது கேட்பதில்லை. ஆயினும் கூரையும் குழாயும் அடுப்பும் ஒரு குடும்பத்தின் வருவாயை ஓரளவு புலப்படுத்திவிடும். இவ்விடைகளின் கூட்டுத்தொகை நகரங்களில் வார்டு அளவில் வெளியிடப்படுகிறது. எந்தத் தெருவுக்கு எத்தனை குழாய், எந்தப் பகுதிக்கு எத்தனை பள்ளி என்று திட்டமிடுவோர் இத்தொகையையே கையில் கொள்கின்றனர். மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்தி வருவதை நாம் அறிவோம். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்து தோன்றினால் வகுப்பும் குறையும். ஆகவே எண்ணப்படுதல் நன்மை என்று கொள்வதற்கு வேண்டிய சான்று நம்மிடம் உண்டு.

ஆயின் இதற்கு மறுபக்கமும் உண்டு. 1976 சனவரியில், பம்பாயில் பொது நிலங்களில் இருந்த குடிசைகள் அனைத்தையும் மாநில அரசு கணக்கெடுத்தது. கணக்கில் வந்தோர்க்கு ஒளிப்படம் ஒட்டிய அட்டை வழங்கப்பட்டது. மக்கள் அதைப் போட்டோ பாஸ் என்றனர். அதே ஆண்டு மே மாதத்தில், அணு ஆராய்ச்சி மையத்தை அடுத்திருந்ததும் தமிழர் பலர் வாழ்ந்ததுமான ஜனதா காலனி அகற்றப்பட்டு, மக்கள் சீத்தா கேம்ப்பில் குடியேற்றப்பட்டனர். அவ்வகற்றலை எதிர்த்துப் போராடியவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம். பின்னர் நடைபாதைவாசிகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985 ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று வழங்கும் அத்தீர்ப்பு, வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று கூறி வரலாற்றில் இடம் பெற்றது. எனினும் மாற்றிடம் பற்றிய பகுதியில், 1976 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு அட்டை பெற்றிருந்தோர்க்கு இடம் தரவேண்டும் என்றே அது பணித்தது. மக்களை அறிவதற்காக எடுத்த கணக்கு, ஒன்பது ஆண்டுகளில் மக்களைப் பிரிக்கும் கோடாயிற்று. கணக்கெடுத்த வேளையில் பிணியாலோ பிரிவாலோ ஊருக்குப் போயிருந்தவர் எத்தனை ஆண்டு இங்கு உழைத்திருந்தாலும் அக்கோட்டுக்கு அப்பால் நின்றார்.

பிற்காலத்தில் அக்கோடு 1995 சனவரி 1 என்று மாறியது. பின்னர் 2000 சனவரி 1 என்று நகர்ந்தது. எல்லை வேண்டாமா என்று ஆட்சியாளர் கேட்பர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லையே இல்லையெனில், வீடு கிடைக்கும் என்றறிந்து இரவோடிரவாகக் குடிசை கட்டி விற்போர் பெருகுவர். உண்மையில் வாடுபவரே இழப்பர். ஆகவே நாள் ஒன்றைக் குறிப்பது ஆட்சிக்கு இன்றியமையாததாக இருக்கலாம். ஆனால் அந்நாளுக்கு முன் வந்தவர் குடிமகன், பின் வந்தவர் ஆக்கிரமிப்பாளர் என்று பேசத் தொடங்கும்போது, ஆட்சியின் வசதிக்காக வரைந்த கோட்டை அறத்தின் கோடாக மயங்குகிறோம். டிசம்பரில் வந்தவனுக்கும் சனவரியில் வந்தவனுக்கும் பசியில் வேறுபாடு இல்லை.

வரையறையும் இவ்வாறே. குறைந்தது 300 பேர், அல்லது ஏறத்தாழ 60 முதல் 70 குடும்பங்கள் நெருங்கி வாழும் இடத்தையே கணக்கெடுப்புத் துறை குடிசைப் பகுதி என்று கொள்கிறது. நாற்பது குடிசைகள் ஒரு சாக்கடையோரம் நின்றால், அவை வறுமையில் எவ்வகையிலும் குறைந்தவை அல்ல. எனினும் அப்பெயரைப் பெறா. பெருமும்பை மக்களுள் குடிசைப் பகுதியில் வாழ்வோர் 2001 இல் ஏறத்தாழ 54 விழுக்காடு. 2011 இல் ஏறத்தாழ 42 விழுக்காடு. இவ்வீழ்ச்சியில் எவ்வளவு உண்மையில் வீடு மாறியதால் வந்தது, எவ்வளவு எல்லையும் வரையறையும் மாறியதால் வந்தது என்பதை இவ்விரு எண்களும் தாமே சொல்லமாட்டா. எந்தத் தெரு சேர்ந்தது, எந்தச் சந்து விடுபட்டது என்று அங்கு வாழ்வோர் பார்த்துச் சொல்லக் கூடுமானால் மட்டுமே உண்மை வெளிப்படும். புள்ளிவிவரம் மக்கள் பார்வைக்குத் திறந்திருத்தல் வேண்டும் என்பதற்குத் தலையாய காரணம் இதுவே.

இதைச் செயலிற் காட்டியோரும் உளர். 1985 ஆம் ஆண்டு பம்பாயில் ஸ்பார்க் என்னும் அமைப்பினர் நடைபாதையில் வாழ்ந்த பெண்களையே துணைக்கொண்டு நடைபாதைவாசிகளைக் கணக்கெடுத்தனர். அவ்வாண்டு மத்திய அரசு நகருக்கு 100 கோடி ரூபாய் அறிவித்து அதில் ஒரு பங்கு தாராவிக்கு எனக் குறித்த பின், தாராவி மக்களும் தங்கள் தெருக்களைத் தாங்களே எண்ணினர். ஜோக்கின் அற்புதம் கட்டிய தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பு அதில் முன்னின்றது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள், ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் என்று அவர்கள் கண்டனர். எண்ணப்படும் பொருளாக இருந்தவர்கள் எண்ணுவோராக மாறிய பிறகு, அதிகாரிகளின் மேசைமுன் அவர்கள் கையேந்தி நிற்கவில்லை, கணக்கோடு நின்றனர்.

வீட்டுச் செய்தியெல்லாம் வெளியானால் மானம் என்னாவது என்று ஒரு தடை எழலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவரின் பெயரையும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதையும், ஆளுக்கு ஒரு பங்காக ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பதையும் யாவரும் காணக் கல்லில் பொறித்தது. கொடுப்பவன் மாற்றிக் குறைக்க இயலாது என்பது அதன் நன்மை. மறைவு என்பதே இல்லை என்பது அதன் குறை. 1948 ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் இதனினும் நுட்பமானது. தனி ஒருவர் சொன்ன விடையைப் பிறர் பார்க்கவோ, உரிமையியல் வழக்கில் சான்றாக்கவோ அது இடந்தரவில்லை. தொகையை மட்டும் உலகறியச் செய்கிறது. பெயர் மூடியிருக்க வேண்டும், தொகை திறந்திருக்க வேண்டும் என்பதே பொருத்தமான நெறி. ஆனால் வீடு வழங்கும் திட்டத்துக்கான கணக்கெடுப்பு வேறு வகையது. அங்கே பெயரே உரிமை. தகுதியுடையோர் பட்டியலை அண்டை வீட்டார் காண இயலாவிடின், விடுபட்டவர் தாம் விடுபட்டதையே அறியார்.

இனி நம் பங்கைச் சிந்திப்போம். தாராவியிலோ பிறவிடத்திலோ கீழ்த்தளத்தில் வீட்டுக்குரியவர் ஒருவர். மேலே ஏணி வைத்து ஏறும் அறையில் வாடகைக் குடும்பம் ஒன்று. இருவரும் தமிழர், ஒருவேளை ஒரே வட்டத்தார். கணக்கெடுப்பவர் வருகிறார். குடியிருப்பவர் உண்டென்று சொன்னால் நாளை உரிமை கோருவாரோ என்று உரியவர் அஞ்சுகிறார். வாய்திறந்தால் இருக்கும் இடமும் போகுமோ என்று குடியிருப்பவர் அஞ்சுகிறார். இருவரும் மௌனம் சாதிக்க, ஐந்து உயிர்கள் ஏட்டிலிருந்து மறைகின்றன. இதில் யாருக்கும் தீங்கில்லை என்று நாம் ஆறுதல் கொள்ளலாகாது. அவ்வைவருக்குரிய தண்ணீரும் பள்ளியிடமும் மறைகின்றன. நாளை வீடு பகிரும்போது அவர்களுக்குச் சான்றும் இல்லை. இருவர் மௌனமும் ஒரே குற்றமாகாது. அஞ்சி ஒடுங்கியவனின் மௌனத்தை மன்னிக்கலாம். ஆதாயம் கருதியவனின் மௌனத்தை மன்னித்தல் அரிது. அரசுக்கும் இதில் பொறுப்பு உண்டு. உண்மை சொன்னவனை அவ்வுண்மையைக் கொண்டே வெளியேற்றும் அரசு, அடுத்த முறை உண்மையை எதிர்பார்க்கும் தகுதியை இழக்கிறது.

2021 இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு அவ்வாண்டில் நடைபெறவில்லை. நாட்டின் பெரும்பகுதிக்கு 2027 மார்ச் 1 ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு நடத்த 2025 சூனில் அறிவிக்கை வெளிவந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பிறந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் 2011 ஆம் ஆண்டின் ஏட்டில் இல்லை. இந்நிலையில் தமிழ்ச் சங்கங்கள் விழா எடுப்பதோடு அமையாமல், கணக்கெடுப்பு வினாக்களைத் தமிழில் விளக்கி, விடையின் இரகசியத்துக்குச் சட்டத்தின் காப்பு உண்டென்று எடுத்துரைத்து, வெளியாகும் வார்டுத் தொகையைத் தம் தெருக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பிழை கண்டால் 2005 ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே வினவலாம். நம் வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவரின் பெயரை நாமே முன்வந்து சொல்வதிலிருந்து இப்பணி தொடங்கட்டும்.