உடைமையும் நடைவழியும்

இல்லறத்தில் வாழ்வோர்க்குப் பொருள் வேண்டும். குடியிருக்க வீடும், விளைவிக்க நிலமும், பிள்ளைகளின் கல்விக்கும் முதுமையின் மருந்துக்கும் கைப்பொருளும் வேண்டும். நம் அறநூல்கள் இதனை மறுத்ததில்லை. துறவோர்க்கு முற்றத் துறத்தலையும், இல்லறத்தார்க்கு அளவு வகுத்துக்கொள்ளுதலையும் அவை விதித்தன. ஆயினும் ஓர் ஐயம் எஞ்சி நிற்கிறது. நேர்மையாக வந்ததும், வகுத்துக்கொண்ட அளவைக் கடவாததுமான பொருள் உடையவரைப் பிணிக்குமா? பிணிக்குமெனில், அப்பிணிப்பு எந்தக் கணத்தில் நேர்கிறது? கோடை விடுமுறைகளில் ஊர்ச் சிறார்க்கு ஐந்து அணுவிரதங்களைப் பல்லாண்டு சொல்லிக்கொடுத்த எனக்கே இவ்வினாவுக்கு விடை தெரிந்திருக்கவில்லை. கடல் கடந்த நாட்டில், இடிந்த மடம் ஒன்றின் புல்தரையில் நடந்தபோதுதான் அது ஓரளவேனும் விளங்கியது.

2019ஆம் ஆண்டு மே மாதம், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பணிபுரியும் என் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். ஞாயிறுதோறும் அவன் என்னை நாட்டுப்புறத்துக்கு அழைத்துச் செல்வான். "மலையேற்றம் இல்லை அம்மா, முழங்காலுக்கு இதமான நடைதான்" என்பான். பழைய பிரபுக்களின் பெருந்தோட்டங்களையும் இடிந்த கிறித்தவ மடங்களையும் சுற்றி இத்தகைய எளிய நடைவழிகள் அந்நாட்டில் மிகுதி. முதியோர் கைத்தடியுடனும் இளந்தாயர் குழந்தை வண்டியுடனும் அவற்றில் நடக்கின்றனர். அவ்வாறு நாங்கள் சென்ற இடங்களுள் ஒன்று, யார்க்ஷயர் பகுதியில் ரிப்பன் நகருக்கு அருகிலுள்ள பவுண்டன்ஸ் மடமும், அதனை அடுத்த ஸ்டட்லி ராயல் தோட்டமும் ஆகும். இவ்விரண்டும் சேர்ந்து 1986ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டன.

ஸ்கெல் என்னும் சிற்றாற்றின் கரையோரமாக வழி செல்கிறது. முதலில் மடம். கூரையற்ற கோயிலின் நெடிய தூண்களுக்கிடையே புல் வளர்ந்துள்ளது, மேலே வானம். சேமிப்புக் கிடங்காய் இருந்த கட்டடம் மட்டும் ஏறத்தாழ 300 அடி நீளத்துக்கு வளைவுக் கூரை சிதையாமல் நிற்கிறது. மடத்தைக் கடந்தால் நீர்த்தோட்டம். ஆற்றை அணைத்துத் திருப்பி, பிறை வடிவிலும் வட்ட வடிவிலும் குளங்கள் அமைத்துள்ளனர். அதற்கும் அப்பால் ஏரியும், மான்கள் உலவும் பெருவெளியும். மழை பெய்து ஓய்ந்திருந்தமையால் வழியில் நத்தைகள் ஊர்ந்தன. கண்ணை நிலத்தில் வைத்து அடி பெயர்க்கும் நம் வழக்கம் அங்கும் எனக்குப் பயன்பட்டது.

அம்மடத்தின் தோற்றம் நம் நெஞ்சுக்கு அணுக்கமானது. 1132ஆம் ஆண்டு, யார்க் நகரின் தூய மரியாள் மடத்தில் இருந்த துறவியருள் 13 பேர், அங்கு நிலவிய சுகவாழ்வு துறவுக்கு ஒவ்வாது எனக் கண்டு வெளியேறினர். பேராயர் தர்ஸ்டன் என்பார் ஸ்கெல் பள்ளத்தாக்கில் முட்புதர் மண்டிய நிலத்தை அவர்களுக்கு அளித்தார். முதற் குளிர்காலத்தை ஒரு மரத்தடியிலேயே கழித்தனர் என அம்மடத்தின் பழைய வரலாறு கூறும். பின்னர்ச் சிஸ்டெர்சியர் என்னும் கடுநோன்புத் துறவியர் குழுவில் இணைந்தனர். சாயமேற்றாத கம்பளி உடை, மௌனம், உடலுழைப்பு ஆகியவை அக்குழுவின் ஒழுக்கங்கள். நோயுற்றோர் அல்லாதார் விலங்கின் ஊனை உண்ணலாகாது என்பதும் அவர்தம் விதியே.

பஞ்ச காலத்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்றையும் அவ்வரலாறு குறிக்கிறது. மடத்தில் இரண்டரை அப்பங்களே எஞ்சியிருந்த நாளில் ஒருவன் வாயிலில் வந்து பசியென்று நின்றான். ஓர் அப்பத்தை அவனுக்குக் கொடுக்குமாறு மடத்தலைவர் பணித்தாராம். நடந்ததோ புனைந்ததோ, அம்மடத்தார் தம்மை எவ்வாறு நினைவிற்கொள்ள விரும்பினர் என்பதற்கு அக்கதை சான்றாகும்.

பிறகு பொருள் வந்தது. தீய வழியில் வரவில்லை. யார்க் தேவாலயத்தின் முதல்வராய் இருந்த ஹியூ என்பார் தம் செல்வத்துடனும் நூல்களுடனும் வந்து துறவு பூண்டார். பக்தர்கள் நிலம் அளித்தனர். நிலத்தை உழவும் ஆடு மேய்க்கவும் எழுத்தறியா உழைப்பாளத் துறவியர் சேர்ந்தனர். ஆடுகள் பெருகின, கம்பளியை இத்தாலிய வணிகர் வாங்கினர். எளிய உணவும் அயரா உழைப்பும் உடையார்க்குச் செல்வம் சேர்வது இயல்பன்றோ! பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ, ஆட்டின் மேல் இன்னும் வளராத கம்பளியை முன்பணத்துக்கு விற்றுக் கடனில் ஆழ்ந்தது அம்மடம். அதிலிருந்து மீண்டு, மடங்கள் கலைக்கப்பட்ட காலத்தில் இங்கிலாந்தின் சிஸ்டெர்சிய மடங்களுள் மிகச் செல்வமுடையதாய் விளங்கியது.

இவ்வரலாற்றில் என் நெஞ்சைத் தைத்த செய்தி வேறொன்று. சிஸ்டெர்சியர் தனிமையை நாடியவர்கள். ஊரோசை எட்டாத இடமே தவத்துக்கு உரியதென்பது அவர்தம் கொள்கை. அதன் பொருட்டு, தமக்குக் கிடைத்த நிலங்களில் முன்பே குடியிருந்த உழவர்களை அகற்றி, சிற்றூர்களைத் தம் பண்ணைகளாக மாற்றிய நிகழ்ச்சிகள் யார்க்ஷயரில் உண்டு. தனிமை நல்லொழுக்கமே. அந்த நல்லொழுக்கமே பிறரை அவர்தம் இல்லத்திலிருந்து அகற்றுதற்குக் காரணமும் ஆயிற்று. பசித்தவனுக்குத் தம் கடைசி அப்பத்தைப் பகிர்ந்தவர்களின் வழிவந்தோர், மக்கள் அருகிருப்பதையே இடையூறாகக் கருதும் நிலையை எய்தினர்.

1539ஆம் ஆண்டு எட்டாம் ஹென்றி மன்னன் ஆட்சியில் மடம் கலைக்கப்பட்டது. மறு ஆண்டே ரிச்சர்ட் கிரெஷாம் என்னும் இலண்டன் வணிகர் அதனை வாங்கினார். 1600ஆம் ஆண்டையொட்டி ஸ்டீபன் பிராக்டர் என்பார் மடத்தின் கற்களையும் கொண்டு அருகிலேயே மாளிகை எழுப்பினார். ஸ்டட்லி தோட்டத்தின் உரிமையாளரான ஜான் எய்ஸ்லபி நாட்டின் நிதியமைச்சராய் இருந்தவர். 1720ஆம் ஆண்டின் தென்கடல் நிறுவனப் பங்கு ஊழலில் சிக்கி, மறு ஆண்டு நாடாளுமன்றத்திலிருந்து நீக்கப்பட்டார். ஊர் திரும்பி, 1718இல் தொடங்கியிருந்த நீர்த்தோட்டப் பணியில் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். அவர் மகன் வில்லியம், தம் தோட்டத்துக்கு அழகிய காட்சியாய் அமையுமென 1767ஆம் ஆண்டு மடத்தின் இடிபாட்டையே விலைக்கு வாங்கினார். 1966ஆம் ஆண்டு அது மாவட்ட ஆட்சிக்குழுவின் கைக்கு வந்தது. 1983ஆம் ஆண்டு முதல் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளை காத்துவருகிறது. ஒவ்வொருவரும் "எனது" என்று பத்திரம் எழுதிக்கொண்ட இடத்தில், நுழைவுச்சீட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நான் நடந்தேன்.

அங்கிருந்து திரும்பும் வழியில் மகன் என்னை ஒரு வயலின் ஊடே அழைத்துச் சென்றான். இருபுறமும் இளம் பயிர். நடுவில் ஒற்றையடிப் பாதை. "இது யாருடைய வயல்? கேளாமல் நுழையலாமா?" எனத் தயங்கினேன். வயல் ஒருவருக்கு உரியதெனினும், அதன் ஊடே செல்லும் வழி பொதுமக்களுக்கு உரியது என்றான் அவன். இங்கிலாந்திலும் வேல்சிலும் இத்தகைய பொதுவழிகள் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் உள்ளன. உரிமையாளர் அவற்றை அடைத்தல் குற்றம். வயலுக்குக் குறுக்கே செல்லும் வழியை உழவின்போது கலைக்க நேர்ந்தால், பதினான்கு நாட்களுக்குள் மீண்டும் அமைத்துத் தரவேண்டும் என்பது 1990ஆம் ஆண்டின் சட்டம். இவ்வுரிமைகள் எளிதில் நிலைபெறவில்லை. 1932ஆம் ஆண்டு கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலத்தில் தடையை மீறி நடந்த தொழிலாளர்களுள் ஐவர் சிறை சென்றனர். பொதுவழிகளை வரைபடத்தில் பதிவு செய்யும் சட்டம் 1949ஆம் ஆண்டில்தான் வந்தது.

வயலின் எல்லையில் ஒரு மரவாயில் இருந்தது. வளைந்த சிறு அடைப்புக்குள் ஆடும் ஒற்றைக் கதவு. ஒருவர் உள்ளே நுழைந்து, கதவை மறுபக்கம் தள்ளி, வெளியேறலாம். ஆடுமாடுகள் அவ்வாறு திரும்பி வெளியேற இயலாது. வேலியும் காவாமல் போகவில்லை. மனிதருக்கு வழியும் மறுக்கப்படவில்லை. அவ்வாயிலின் முன் நான் நெடுநேரம் நின்றேன். முழங்கால் வலிக்கிறதா என மகன் வினவினான். வலி முழங்காலில் இல்லை.

வந்தவாசி அருகே எங்கள் ஊரில், என் கணவர் வழியில் வந்த இரண்டு ஏக்கர் நிலம் எனக்கு உண்டு. அதன் ஓரமாக, ஊர்ப் பெண்கள் புல் அறுக்கவும் கூலி வேலைக்கும் செல்லும் வழி ஒன்று என் மாமனார் காலத்திலிருந்தே இருந்தது. மணிலாப் பயிரை ஆடுகள் மேய்ந்துவிடுகின்றன என்று 2009ஆம் ஆண்டு முட்கம்பி வேலி போட்டேன். வழி அடைபட்டது. ஏரிக்கரையைச் சுற்றித்தான் அவர்கள் போகவேண்டியதாயிற்று. ஒரு முதியவள் தலைச்சுமையுடன் நின்று, "பரவாயில்ல டீச்சரம்மா, சுத்திப் போயிக்கறோம்" என்று சொல்லிச் சென்றாள். சினந்திருந்தால் நானும் சினந்திருப்பேன். அவள் சினக்கவில்லை. என் நிலம் நேர்மையாய் வந்தது. நான் வகுத்துக்கொண்ட அளவுக்கு உட்பட்டது. ஆடு மேய்ந்ததும் உண்மை. இவ்வளவு நியாயங்களும் பத்தாண்டுகள் எனக்குப் போதுமானவையாய் இருந்தன.

அந்த வேற்றூர் வாயிலின் முன் நின்றபோது உண்மை புலப்பட்டது. வேலி போட்ட நாளில் ஆட்டைக் காட்டிலும் ஆளையே நான் நினைத்தேன். என் நிலத்தில் பிறர் காலடி பட்டால் எனக்கு ஏதோ குறைவதாக உணர்ந்தேன். பற்றே பரிக்கிரகம் என்பது நம் முன்னோர் வகுத்த இலக்கணம். அப்பற்றை எங்கே காண்பது எனத் தேடிக்கொண்டிருந்த எனக்கு அது என் வேலியில் தெரிந்தது. பிறர் வரவு எவ்விழப்பையும் தாராதபோதும், அதனை இழப்பென நெஞ்சம் எண்ணும் கணமே பொருள் நம்மைப் பிணிக்கும் கணம். தனிமை நாடிய துறவியர்க்கு அது தவத்தின் பெயரால் வந்தது. எனக்குப் பயிர்க்காவலின் பெயரால் வந்தது.

இங்கே ஒரு தடை எழலாம். "வழி திறந்துவிட்டால் காப்பது யார்? எல்லார்க்கும் பொதுவானது எவர்க்கும் பொறுப்பற்றதாகிவிடாதா?" என்பர். நியாயமான வினாவே. அம்மடத்தின் சுவர்களும் புல்தரையும் தாமே நின்றுவிடவில்லை. காப்போர் உண்டு, கட்டணமும் உண்டு. கடமையின்றி உரிமை மட்டும் கொண்டாடும் நடையர் சிலரால் கதவுகள் திறந்தே விடப்படுவதையும் கண்டேன். ஆகவே, உடையவர் வேண்டா என நான் சொல்லவில்லை. காத்தல் வேறு, பற்றுதல் வேறு. எதனைத் தடுக்கவேண்டுமோ அதனை மட்டும் தடுப்பது காத்தல். தடுக்கவேண்டாதவரையும் சேர்த்துத் தடுப்பது பற்று.

ஊர் திரும்பியதும் தச்சரை அழைத்து, தாளில் படம் வரைந்து காட்டி, அவ்வாறே ஒரு வாயில் அமைக்கச் செய்தேன். வழி திறந்தது. எங்கள் ஊர் ஆட்டுக்குட்டிகள் கெட்டிக்காரக் குட்டிகள். இரண்டொன்று நுழையத்தான் செய்தன. அறுவடையின்போது அளந்து பார்த்தேன். இழப்பு ஒரு மூட்டைகூட இல்லை. சுற்றிப் போவதாகச் சொன்ன அந்த முதியவள், வழி திறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டாள். அவளுக்கு நான் செய்த பிழையைத் திருத்திக்கொள்ள வாய்ப்பில்லை.

அன்பர்களே! மாலையில் அன்றைய பிழைகளை எண்ணிப் பார்க்கும் வழக்கம் நம் இல்லங்களில் இன்னும் அற்றுப்போகவில்லை. அவ்வேளையில் ஒரு வினாவையும் சேர்த்துக்கொள்வோம்: "இன்று எவருடைய வரவு எனக்கு இழப்பாகத் தோன்றியது?" விடை கிடைக்கும் இடத்தில் ஒரு வேலி இருக்கும். ஆள் செல்லும் அளவுக்கேனும் அதில் ஒரு வாயில் அமைப்போம். அவர் நடக்கும் நாளிலேயே அமைப்போம்.