சாம்பல் நிறத்தின் நடுநிலை

பெயிண்ட் கம்பெனிகளின் ஷேட் கார்டுகள் சாம்பலை 'நியூட்ரல்' வரிசையில் வைக்கின்றன. எதனோடும் சண்டைக்குப் போகாத நிறம், எந்த நாற்காலிக்கும் எந்தத் திரைச்சீலைக்கும் ஒத்துப்போகும் நிறம் என்று அர்த்தம். வீட்டுச் சுவருக்குச் சாம்பலைத் தேர்ந்தெடுப்பவர் அநேகமாக இந்த உறுதிமொழியை நம்பித்தான் தேர்ந்தெடுக்கிறார். எனக்குச் சுவரைவிட இந்த உறுதிமொழிதான் பிரச்னை.

கம்பம் பள்ளத்தாக்கில் இந்த நிறத்துக்கு மரியாதை கிடையாது. எழுத்தில் சாம்பல், பேச்சில் 'சிமெண்ட் கலர்'. ஒன்று எரிந்து மிஞ்சியது, மற்றது முடிக்காமல் விட்டது. என் வீட்டு முன்னறைக்கு அதைச் சொன்னபோது, "பூச்சு வேலையோட நின்னுபோன வீடு மாதிரில்ல இருக்கும்ணே" என்றார் பெயிண்டர். சுண்ணாம்பு வெள்ளையும் அதில் கலந்த நீலமும் கோயில் மதிலின் காவிப் பட்டையும் பழகிய கண்ணுக்குச் சாம்பல் ஒரு நிறமல்ல, காசு தீர்ந்துபோனதன் அடையாளம். ஷேட் கார்டின் புகழ்ச்சியைவிட அவருடைய ஆட்சேபம் யோக்கியமானது. அவர் அந்த நிறத்தை ஏதோ ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

வேறு விதமாகப் பார்க்கவும் முடியாது. பாரீஸின் கோப்லன் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ரசாயன விஞ்ஞானி ஷெவ்ரல், கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை என்ற புகாரை ஆராயப் போய், குற்றம் சாயத்தில் இல்லை, அடுத்திருக்கும் நூலின் நிறத்தில் இருக்கிறது என்று கண்டார். 1839இல் அதை விரிவாக எழுதிப் புத்தகமாக்கினார். சிவப்பின் அருகே சாம்பல் பச்சையாகத் தோன்றும். பச்சையின் அருகே சிவப்பேறும். என் முன்னறையின் தரை பழைய ரெட் ஆக்ஸைடு. சுவர் காய்ந்ததும் பச்சைச் சாயல் தட்டியது. டப்பாவிலோ ஒரு சொட்டுப் பச்சை கிடையாது. கொஞ்சம் சிவப்புக் கலந்தால் சரியாகிவிடும் என்றார் பெயிண்டர். ஆகும்தான். அதாவது, நடுநிலையாகத் தோன்ற வேண்டுமானால் பக்கத்தில் இருப்பதன் பக்கமாகச் சற்றுச் சாய வேண்டும்! நடுநிலையாக இருப்பதற்கு ஒரு கலவை, தோன்றுவதற்கு வேறொரு கலவை. நான் வேண்டாமென்றேன். பகலில் பச்சை, ஆனி ஆடியில் மேகம் மலையிலிருந்து இறங்கும் நாட்களில் லேசான நீலம் என்று அது இருந்துகொண்டிருக்கிறது.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்னைக்காக இங்கே ஊர் ஊராக ஜனங்கள் திரண்டு குமுளியை நோக்கிப் போனார்கள். எனக்குத் தெரிந்த ஏலக்காய் வியாபாரி ஒருவர். தோட்டம் மலைமேல் கேரளத்தில், வீடு கீழே. அவர் இரண்டு இடத்திலும் சொன்னது ஒன்றுதான்: "அவுக பயமும் நெசம், அணை பலமா இருக்கறதும் நெசம்." கம்பத்தில் முதல் பாதி மட்டும் காதில் விழுந்தது, குமுளியில் இரண்டாம் பாதி மட்டும். கீழே அவர் மலையாளத்தானின் ஆள், மேலே பாண்டிக்காரன். 1895இல் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டி முடித்த அந்த அணையில் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் அவருடைய முதல் பாதியை இங்கே யாரும் மன்னித்துவிடவில்லை. கெட்டிக்காரர்கள் வேறு சிலர் இருந்தார்கள். கீழே ஒரு சிட்டிகை சிவப்பும் மேலே ஒரு சிட்டிகை பச்சையும் கலந்துகொண்டவர்கள். இரண்டு ஊரிலும் நியாயஸ்தர் என்ற பெயர் அவர்களுக்குத்தான் கிடைத்தது. கலவையை மாற்றாத வியாபாரிக்குச் சில வீடுகளில் காப்பி கூடக் கிடைக்கவில்லை.

நடு என்றால் பாதி என்பது இன்னொரு சௌகரியமான நம்பிக்கை. புகைப்படக்காரர்கள் வெளிச்சத்தை அளக்க உபயோகிக்கும் சாம்பல் அட்டை தன்மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தைத்தான் திருப்பித் தருகிறது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவாகக் கண்ணுக்குப் படுவது அதுவே. சரிபாதி ஒளியைத் திருப்பும் பரப்பு நமக்கு வெளிறித்தான் தெரியும். தரப்புக்கு அரைப் பத்தி ஒதுக்கும் தினசரிகளின் நியாயமும், பாதிப் பாராட்டு பாதிக் குறை என்று நமது பத்திரிகைகளில் வரும் மதிப்புரைகளும் இந்தச் சரிபாதிக் கணக்கைச் சேர்ந்தவை. தராசைப் பிடித்திருக்கும் பாவனை மட்டும் இருக்கிறது. தட்டில் எதுவும் வைக்கப்படவில்லை. நாற்பது கவிதைகளில் மூன்றுதான் தேறுகின்றன என்றால், அதை அப்படியே எழுதுகிற மதிப்புரை எந்தப் பக்கமும் சாய்ந்ததல்ல. தொகுப்பின் ஆசிரியருக்கு அது பச்சையாகத்தான் தெரியும்.