போவதோ, நிற்பதோ? ஆடிச் சுவாதிச் சிந்தனை

சிவமயம்

மெய்யன்பர்களே,

இன்று ஆடிச் சுவாதி; சுந்தரமூர்த்தி நாயனாருடைய குருபூசைத் தினம். அவருடைய சரித்திரத்தில் ஒரு பகுதியை எடுத்துச் சிந்தித்தல் இந்நாளில் எமது கடனாகும். எப்பகுதியை எடுப்பதென்று யாம் எண்ணியிருந்த வேளையில், முன்னே எம்மிடம் கல்வி கற்ற இளைஞன் ஒருவன் சென்ற கிழமை எமது வீட்டிற்கு வந்தான். திண்ணையில் நெடுநேரம் வாளா இருந்து, பின்பு ஒரு வினாவை வினாவினான். அதுவே இப்பிரசங்கத்திற்குப் பொருளாயிற்று.

அவனுக்கு வயது 24, மணமாகாதவன். தந்தையார் காலமாயினார். தாயாரும், மணம் பேசவேண்டிய தங்கை ஒருத்தியும் உளர். ஐரோப்பாவில் வேலை பெற்றுத் தருவதாக முகவர் ஒருவர் சொல்ல, அவர் கேட்ட பெருந்தொகைக்காகத் தோட்டக்காணியை ஈடுவைக்கத் தாயார் ஆயத்தமாயிருக்கின்றார். "ஐயா, நான் போவதோ, நிற்பதோ? நீங்கள் சொல்வதையே செய்வேன்" என்றான். யாம் உடனே விடை பகரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இஃது ஒரு வீட்டிற்கு மாத்திரம் உரிய வினா அன்று. பொருளின் பொருட்டுக் கடல் கடத்தலை ஔவைப்பிராட்டியாரே விலக்கவில்லை. கோயிலில்லாத ஊரிற் குடியிருத்தலையே நம் பெரியோர் விலக்கினர். மலாயாவில் 1885 ஆம் ஆண்டு தைப்பிங்கிலிருந்து முதற் புகையிரதப் பாதை திறக்கப்பட்டபின், மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலங் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் எழுதுவினைஞராயும் நிலைய அதிபராயும் அங்குச் சென்றனர். தனித்தே சென்ற அவர்கள், தம் வயிற்றைக் கட்டிப் பெற்றோருக்குப் பணம் அனுப்பினர். கோலாலம்பூரில் ஸ்ரீ கந்தசுவாமி கோயிலை எழுப்பிக் கோயிலில்லா ஊரைக் கோயிலுள்ள ஊராக்கினர். இது புகழத்தக்கதே. ஆயினும் 1942 முதல் 1945 வரை மலாயா யப்பானியர் வசப்பட்டிருந்த காலத்தில், கடிதமும் காசுக்கட்டளையும் வாராது, பிள்ளை உயிரோடிருக்கின்றானோ இல்லையோ என்று அறியாத தாய்மார் இவ்வூர்களில் எத்தனை பேர்!

1983 ஆம் ஆண்டின் ஆடிக் கலவரத்தின் பின்னர்ப் போனவர்கள் பொருள் தேடிப் போனவர்களல்லர். உயிர் தேடிப் போனவர்கள். உயிர்க்கு அஞ்சி ஓடுபவனை "நில்" என்று சொல்லுதற்கு எவருக்கும் உரிமையில்லை. 2022 இல் நாடு கடன் இறுக்கமுடியாது விலையேற்றத்தில் விழுந்தபோது மறுபடியும் ஒரு புறப்பாடு தொடங்கிற்று. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில், பழுதுற்ற கப்பலொன்றில் நடுக்கடலில் தத்தளித்த இலங்கையர் 303 பேர், யப்பானியக் கப்பலொன்றினால் மீட்கப்பட்டு வியட்நாமிற் கரைசேர்க்கப்பட்டனர். அவர்கள் நாடிய நாடு கனடா. சேர்ந்த நாடு வேறு.

இனி எமது சமயத்திற்கும் தமிழிற்கும் உழைத்த இருவரை நோக்குக. ஆறுமுக நாவலரவர்கள் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, மறுவருடம் அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுக் கடல் கடந்தார்கள். அப்பொழுது அவர்களுக்கு வயது 26; மணமில்லாதவர்கள்; இறுதிவரையும் அவ்வாறே இருந்தவர்கள். திருவாவடுதுறை ஆதீனத்தில் நாவலர் என்னும் பட்டமும் பெற்று, யந்திரத்தோடு மீண்டார்கள். சிறுப்பிட்டியிற் பிறந்து வட்டுக்கோட்டைச் செமினறியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களோ சென்னை சென்று, அங்குள்ள பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, 1887 இற் கலித்தொகையை அச்சேற்றி, 1901 இல் அந்நாட்டிலேயே காலமாயினார்கள். ஒருவர் மீண்டார், மற்றவர் மீளவில்லை. இருவரில் எவரை யாம் குறை கூறுவோம்? போதலிலே பாவமும் இல்லை. நிற்றலிலே புண்ணியமும் இல்லை. எனின், நன்மை தீமைகள் எதிலே தங்கியிருக்கின்றன? அதனை நாயனாருடைய சரித்திரம் காட்டுகின்றது.

திருவொற்றியூரிலே சங்கிலியாரை மணக்க விரும்பிய நாயனார், "உன்னைப் பிரியேன்" என்று ஆணையிட வேண்டியவரானார். கோயிலுள்ளே ஆணையிடும்போது பெருமான் மகிழ மரத்தடிக்கு எழுந்தருள வேண்டுமென்று அவர் முன்னரே இரகசியமாக விண்ணப்பித்திருந்தார். பெருமானோ சங்கிலியார் கனவிலே தோன்றி, மகிழின் கீழேயே ஆணை வாங்கும்படி அருளினார். ஆகவே நாயனார் தாம் விலகியிருக்கச் சொன்ன பெருமானுக்கு முன்னேயே ஆணையிட்டார். வேனிற்காலம் வந்தது, திருவாரூர்த் திருவிழா நினைவில் எழுந்தது. ஆற்றாது ஒற்றியூர் எல்லையைக் கடந்தார்; கண்ணிரண்டும் ஒளியிழந்தன.

அன்பர்களே, திருவாரூருக்குப் போக விரும்புதல் பிழையோ? அன்று. காக்கமுடியாத சொல்லை, தப்புவதற்கு ஒரு வழியையும் வைத்துக்கொண்டு கொடுத்ததே பிழை. இஞ்ஞான்று பயணம் புறப்படும் பிள்ளை, தாயின் கண்ணீரைத் துடைக்கும்பொருட்டு, "மூன்று வருடத்தில் வந்துவிடுவேன், தங்கைக்குச் சீதனம் நானே சேர்ப்பேன்" என்று வாக்குக் கொடுக்கின்றான். விசாவையும் சம்பளத்தையும் நோயையும் அவன் அறிவானோ? அறியாததற்கு ஆணையிட்டுப் போகின்றவன் கண்ணில்லாமலே போகின்றான்.

காரைக்காலம்மையாரின் கணவனாகிய பரமதத்தனையும் நினைக்க. மனைவியாரிடம் தெய்வத்தன்மை கண்டு அஞ்சிய அவன், வாணிகத்தின் பொருட்டென்று சொல்லிக் கப்பலேறி, பாண்டிநாட்டிலே வேறொருத்தியை மணந்து வாழ்ந்தான். வாணிகம் நற்றொழிலே, ஆயினும் அவன் வாணிகத்திற்கென்று போகவில்லை, ஒளிந்தோடவே போனான். வீட்டுச் சண்டையையும், சோதனையில் தவறிய வெட்கத்தையும், கைகூடாத காதலையும் "வேலை" என்னும் பெயரால் மூடிக்கொண்டு விமானம் ஏறுகின்றவர் இன்றும் உளர். அவர்கள் விட்டோட நினைத்தது அவர்களோடே கூடப் பயணஞ் செய்யும்.

நிற்பவர் மகிழற்க, அவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். யாம் மிஷன் பாடசாலையிற் படித்த நாளிலே கெட்ட குமாரன் கதையைக் கேட்டோம். தூரதேசம் போய்க் கெட்டு மீண்ட இளையவனையே எல்லாரும் பேசுவர். வீட்டிலேயே நின்றும், தம்பி மீண்ட நாளில் விருந்துக்கு உள்ளே வர மறுத்துச் சினந்த மூத்தவனை யாம் மறந்ததில்லை. ஏனெனில் அவன் யாமே.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்த இரவிலே எமக்கு வயது 25, மணமாகவில்லை. அதற்கு முன்னரே கனடா சென்றிருந்த தமையனார் எம்மையும் அழைத்திருந்தார். தந்தை தாயரையும் ஊர்க்கோயிலையும் விட்டு வாரோம் என்று யாம் எழுதினோம், கேட்டவர் மெச்சினர். உண்மை வேறு. யாம் நிற்கத் துணிந்து நிற்கவில்லை. போக அஞ்சி நாட்கடத்தினோம். தமையனார் அனுப்பிய காசில் எமது வீட்டிற்கு ஓடு வேய்ந்தபோது, நன்றி தோன்றவேண்டிய நெஞ்சிலே சினந் தோன்றியது. 1996 இல் ஊர் மீண்டு, கதிரை மேசை இல்லாத வகுப்பறையிலே, வெறுந்தரையில் இருந்த பிள்ளைகளுக்கு முதற்பாடம் சொன்ன அன்றே, "இங்கேயே நிற்போம்" என்று யாம் மெய்யாகத் துணிந்தோம். அன்றுதொட்டே தமையனாருக்குப் பொறாமையின்றிக் கடிதம் எழுதினோம்.

மாணாக்கனுக்கு உடனே விடை சொல்லாமைக்குக் காரணம் இதுவே. "நில்" என்றிருப்பின் எமது பழைய அச்சத்தை அவன் தலையில் ஏற்றியவராவோம். "போ" என்றிருப்பின் எமது பழைய ஆசையை ஏற்றியவராவோம். ஆதலால் விடைக்குப் பதிலாக மூன்று வினாக்களைக் கொடுக்கின்றோம்.

முதலாவது, இப்பயணத்தில் யாருக்கேனும் மறைக்கவேண்டியது உண்டோ? செல்லும் வழியையும் செய்யும் வேலையையும் தாய்க்கும் நாட்டுச் சட்டத்திற்கும் முன்னே சொல்லக்கூடுமாயின் போகலாம். 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிறுவப்பெற்ற வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் முகவரிடம் உண்டோவென்று விசாரித்தல் சந்தேகபுத்தியன்று, விவேகமேயாம்.

இரண்டாவது, எவருடைய பொருளைப் பணயமாக வைக்கின்றாய்? உன் உழைப்பை வைப்பது உன் உரிமை. தாயின் சோற்றுக்கும் தங்கையின் வாழ்வுக்கும் உள்ள ஒரே காணியை வைப்பது உரிமையன்று. அக்காணி ஈட்டில் மூழ்கினால், மீள நினைக்கும் நாளிலும் மீள முடியாதவனாவாய். கடனே உனக்குச் சிறையாகும்.

மூன்றாவது, தனித்திருக்கும்போது எதனைப் பற்றி நிற்பாய்? "குடும்பமில்லாதவன்தானே, போகட்டும்" என்று பெரியோர் எளிதாகச் சொல்கின்றனர். அவனுக்கே துணை குறைவு என்பதை மறக்கின்றனர். பனிநாட்டிலே வேலை முடிந்து இரவில் அறைக்கு மீளும்போது, "சாப்பிட்டாயோ?" என்று கேட்க அவனுக்கு ஒருவரும் இல்லை. நெற்றியிலே நீறும், நாவிலே ஐந்தெழுத்தும், கிழமைக்கொரு நாள் வீட்டாரோடு உண்மை பேசும் வழக்கமும் அங்கே அவனைத் தாங்கும். நிற்பதாயின், வருகின்ற திங்கட்கிழமை காலையில் எழுந்து யாது தொழில் செய்வாய் என்பதற்கு விடை வேண்டும். அது இல்லாத நிற்றல் வெறுங் காத்திருத்தலேயாம்.

பெற்றோரே, பிள்ளையின் பயணத்தைத் தங்கையின் சீதனத்தோடு முடிச்சிடாதீர்கள். அவன் உங்கள் மகன். உங்கள் வங்கிக் கணக்கல்லன். போகின்றவனிடம் ஆணை வாங்காதீர்கள். உண்மையான கடிதத்தை மாத்திரம் கேளுங்கள். நிற்கின்றவனை அயல்வீட்டு மாடியைக் காட்டி இகழாதீர்கள்.

அந்த இளைஞன் இன்று இச்சபையிலே இருக்கின்றான், பெயர் சொல்லோம். அவன் இன்னும் துணியவில்லை. அது குற்றமன்று, ஆயினும் எம்மைப்போல நாட்கடத்தி, அதற்குப் பற்றென்று பெயரிடாதிருப்பானாக. ஒரு நாளைக் குறித்து, அன்று துணிவானாக. பிழையாகத் துணிந்துவிட்டால் என்செய்வதென்று அஞ்சவும் வேண்டாம். கண்ணிழந்து நடந்த நாயனாரைப் பெருமான் வழியிலே கைவிடவில்லை; திருவெண்பாக்கத்திலே ஊன்றுகோல் கொடுத்து, காஞ்சியிலே ஒரு கண்ணும் திருவாரூரிலே மறு கண்ணும் கொடுத்தார்.

போகின்றவர்க்கும் நிற்கின்றவர்க்கும் அக்கோல் கொடுத்த பெருமானே துணையாக எழுந்தருளுவாராக.

சுபம்.