வயிறறிந்து இடுதல்

மீன் தொட்டியின் அடியில் கிடக்கும் மீனுக்கு வெள்ளரிக்காய் போடுவது புண்ணியமா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். வள்ளலாரைக் கும்பிடும் குடும்பம். மீன்கள் கொளத்தூர்ச் சந்தையில் வாங்கியவை. புழுவோ இறால் தூளோ அந்த வீட்டு வாசலைத் தாண்டாது. 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கிய வள்ளலார், ஓர் உயிரைக் கொன்று இன்னோர் உயிரின் பசியைத் தீர்ப்பது ஜீவகாருண்யம் ஆகாது என்றவர். அந்த நெறியை மீன் தொட்டிவரை கொண்டுபோகும் வீட்டை நான் மதிக்கிறேன். ஆனால் நான் ஆரம்பாக்கத்துக்காரி. மீன் வயிற்றைத் திறந்து பார்த்தே வளர்ந்தவள்.

பழவேற்காடு ஏரியில் அப்பாவுக்குப் பாடு, அதாவது வலை போடும் முறை, வரும் நாட்களில் மடவை வீடு வந்து சேரும். அம்மா அரிவாள்மனையை என் பக்கம் தள்ளிவிடுவாள். மடவையின் குடல் இழுக்க இழுக்க வரும். மீனைவிடப் பல மடங்கு நீளம். இரைப்பை, கோழியுடையதைப் போலக் கெட்டி. உள்ளே கருஞ்சேறு. ஏரியடிப் பாசியையும் மக்கலையும் சேற்றோடு அள்ளி அரைக்கிற மீன் அது. கெளுத்தியும் அடியில்தான் திரியும். அதன் குடலோ குட்டை. வயிற்றில் இறால் குஞ்சும் நண்டுக் காலும் இருக்கும். ஒரே சேற்றில் மேயும் இரண்டுக்கும் படைத்தவன் வேறு வேறு வயிறு வைத்திருக்கிறான்.

தொட்டியிலும் அப்படித்தான். சக்கர் மீன் தென் அமெரிக்க ஆறுகளில் கல்லிலும் மரத்திலும் பாசி சுரண்டித் தின்பது. வெள்ளரி, பூசணி, சர்க்கரைவள்ளி, கீரை எதுவானாலும் லேசாக வேகவைத்து, ஆறியபின் எடை கட்டி இறக்கி, விளக்கை அணைத்துவிட்டால் இரவெல்லாம் சுரண்டும். மறுநாள் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். அழுகினால் தண்ணீரில் அம்மோனியா ஏறி மீன் செத்துப்போகும். இனிப்புப் பழம் இன்னும் சீக்கிரம் தண்ணீரைக் கெடுக்கும். அதே தரையில் திரியும் கோரிடோராஸ், மீசையால் மணலைத் துழாவிப் புழுவையும் பூச்சிக் குஞ்சையும் தேடுவது. அதற்கு வெள்ளரி மட்டும் வைத்தால் மீனைப் பட்டினி விரதத்தில் உட்கார்த்துகிறோம். விரதம் தானாக ஏற்பது. வாயில்லாத உயிர்மேல் அதை ஏற்ற நமக்கு உரிமை ஏது?

நாகப்பட்டினம் நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனார் எங்களைப் போல வலை வீசியவர். பிடிபட்டதில் ஒரு மீனை நாள்தோறும் சிவனுக்கென்று கடலில் விட்டார். ஒரே மீன் சிக்கிய வறுமை நாட்களிலும் விட்டார். கடைசியில் பொன்மீன் வந்தது, அதையும் விட்டார். சின்ன வயதில் அந்தப் பொன்மீன்தான் என் கண்ணில் நின்றது. இப்போது எனக்குப் பெரிதாகத் தெரிவது, கடல் மீனை அவர் கடலிலேயே விட்டார் என்பதுதான். தொட்டியில் பெருத்துவிட்ட சக்கர் மீனைப் பாவம் என்று குளத்திலும் ஏரியிலும் விட்டுவிடுகிறவர்களும் இரக்கப்பட்டே விடுகிறார்கள். அது நம் நீர்நிலைகளில் பெருகி, முள்ளால் வலையைக் கிழித்து, நாட்டு மீன்களின் இரையில் பங்குக்கு வருகிறது. யாருடைய வயிறு, யாருடைய தண்ணீர் என்று பார்க்காத இரக்கம் கொடுத்தவரின் மனதை மட்டும்தான் குளிர்விக்கிறது.

அக்காவிடம் சொன்னேன்: "உங்க நெறிக்கு ஒத்த வயிறுள்ள மீனை வைங்க. பிரிசில்நோஸ்னு கேட்டா கடையில தருவாங்க, ஒரு சாண்கூட வளராது. காய்கறியை ஆசையாத் தின்னும். உங்க தொட்டியில இருக்கிற கோரிடோராஸை மட்டும் புழு போடுற வீட்டுக்குக் கொடுத்துடுங்க."

"அப்போ அந்தப் பாவத்தை இன்னொருத்தர் தலையில கட்டறதுதானே?" என்றார்.

ஆமாம் என்றுதான் சொன்னேன். புழுவும் உயிர்தான், அதை மழுப்ப என்னால் முடியவில்லை. கோரிடோராஸ்களை நானே வாங்கிக்கொண்டேன். மீன் விற்ற காசில் படித்தவள் நான், அந்தக் கணக்கு என் பேரிலேயே இருக்கட்டும்.